மேசைக் கணினியில் ஓடிய பசுந்தேயிலைக் கணக்கு: கோத்தகிரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரி வட்டாரத்தில் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலையில் 2024 நவம்பரில் நடந்ததையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் பதிவு செய்கிறேன். தொழிற்சாலையின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இதற்குத் தேவையில்லை. இதே மென்பொருளை இதே விதமாக வைத்து ஓட்டும் அலுவலகங்கள் மலையில் இன்னும் இருக்கின்றன, அவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். குன்னூரில் கணினிப் பராமரிப்பு வேலை செய்பவன் நான். அந்த வகையில் இதில் எனக்குப் பங்கு வந்தது.

இலைக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விவசாயி பறித்த இலையை ஊரில் உள்ள சேகரிப்பு மையத்தில் எடை போட்டுக் கொடுக்கிறார். இலை வண்டி அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டு வருகிறது. ஈரத்துக்கும் முற்றிய இலைக்கும் கழிவு போக மீதி எடை அவர் பெயரில் வரவாகிறது, அதற்கு ஒரு சீட்டு. பணம் அன்றன்று கிடைப்பதில்லை. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையையும் குன்னூர் ஏலத்தில் தூள் போன விலையையும் பார்த்துத் தொழிற்சாலை அந்த மாதத்தின் விலையை முடிவு செய்யும். அதன் பிறகே பட்டுவாடா. அதாவது ஒரு மாதம் முழுவதும் விவசாயிக்குச் சேர வேண்டிய கடன் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இது நினைவில் இருந்தால்தான் மற்றது புரியும்.

இந்தக் கணக்கைப் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்றியவர் ஒரு விவசாயியின் மகன். பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது பிஎச்பி மொழியில் நிரல் எழுதி, அலுவலகத்தின் மேசைக் கணினியிலேயே எக்ஸாம்ப் நிறுவி ஓட வைத்தார். எக்ஸாம்ப் என்பது அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் குழு 2002-இல் தொடங்கிய இலவசத் தொகுப்பு. அப்பாச்சி இணைய சர்வர், மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி, பெர்ல் எல்லாம் ஒரே நிறுவலில் வந்துவிடும். அவர் நிறுவியது பிஎச்பி 5.6 இருந்த பதிப்பு. எடை மேடைக் கணினியும் இலை ஷெட்டில் இருந்த டேப்லெட்டும் உள் நெட்வொர்க் வழியாக இதைத் திறந்து பதிவு செய்யும்.

அந்த நேரத்தில் அது நல்ல தேர்வுதான். செலவு இல்லை, இணையம் தேவையில்லை, ஏற்கெனவே இருந்த விண்டோஸ் கணினியே போதும். படிக்கிற பையன் விடுமுறையில் செய்து கொடுத்த வேலை பல வருடங்கள் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கணக்கைச் சுமந்தது. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தக் கணினியை இதற்கென்று யாரும் ஒதுக்கவில்லை. அதே கணினியில்தான் கணக்கர் டேலி போட்டார், கடிதம் அடித்தார், மின்னஞ்சல் பார்த்தார். காலையில் வந்ததும் எக்ஸாம்ப் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து அப்பாச்சிக்கும் மைஎஸ்க்யூஎல்லுக்கும் (மரியாடிபிக்கு அந்தப் பலகையில் இருக்கும் பெயர்) ஸ்டார்ட் அழுத்துவது பழக்கமாக இருந்தது. மாலையில் கடைசி வண்டி வரும்வரை அந்தக் கணினியை அணைக்கக் கூடாது என்று மானிட்டரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

முன்னரே தெரிந்த அறிகுறிகள்

பெரிய பழுது வருவதற்கு முன்பே சின்னச் சின்ன கோளாறுகள் இருந்திருக்கின்றன. எல்லாவற்றையும் பிறகுதான் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க முடிந்தது.

ஒரு நாள் காலை அப்பாச்சி எழவில்லை. புதிதாகப் போட்ட சிசிடிவி மென்பொருள் அப்பாச்சிக்கு வேண்டிய நெட்வொர்க் வாயிலான 80-ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மென்பொருளை நிறுத்தியதும் சரியானது. இன்னொரு முறை கணக்கர் மதியம் வெளியே போனபோது கணினி தூங்கிவிட்டது, ஷெட்டில் இருந்த பெண் எழுத்தர் மொத்த வரவையும் தாளில் எழுதி வைத்தார். கணக்கர் விடுப்பில் இருந்த நாளில் வேறொருவர் தன் பயனர் கணக்கில் நுழைய, ஏற்கெனவே திறந்திருந்த பயனர் கணக்கை லாக்-ஆஃப் செய்தார், கட்டுப்பாட்டுப் பலகையில் தொடங்கிய இரண்டு சர்வர்களும் அதோடு நின்றன. யார் நுழைந்தாலும் வெளியேறினாலும் பின்னணியில் ஓடும் விண்டோஸ் சர்வீஸாகப் பதிவு செய்யாமல் பலகையிலிருந்து தொடங்கினால் அப்படித்தான் ஆகும். அந்தப் பயனர் போனால் அவர் தொடங்கியதும் போய்விடும்.

இவற்றைவிட முக்கியமானது தேதிச் சிக்கல். வரத்து அதிகமான நாட்களில் கடைசி வண்டிகள் இரவு பதினொன்றைத் தாண்டி வரும், பதிவு நள்ளிரவைக் கடக்கும். செப்டம்பர் 30 இரவு கொடுத்த இலைக்குச் சீட்டில் 30-ஆம் தேதியே இருந்தது, மாதக் கணக்கிலோ அது அக்டோபரில் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதங்களின் விலையும் வேறு. நாலைந்து விவசாயிகள் சீட்டோடு வந்து கேட்டார்கள். அலுவலகத்தில் அதை எழுத்துப்பிழை என்று நினைத்துக் கையால் திருத்திக் கொடுத்தார்கள்.

காரணம் பிறகு தெரிந்தது. அந்தத் தொகுப்பின் பிஎச்பி அமைப்புக் கோப்பில் நேர மண்டலம் ஐரோப்பா/பெர்லின் என்று இருந்தது. தொகுப்பைத் தொடங்கியவர்கள் ஜெர்மானியர்கள், அவர்கள் கொடுத்த இயல்பு அமைப்பு அது. சீட்டில் அச்சாகும் தேதியை நிரல் பிஎச்பியிடம் கேட்டது. தரவுத்தளத்தில் போகும் தேதியை மரியாடிபியே விண்டோஸ் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டது. பெர்லின் நேரம் நம்முடையதைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். ஆகவே அக்டோபர் 1 அதிகாலை 12.20-க்குப் பதிவானது சீட்டில் செப்டம்பர் 30 இரவு 8.50 ஆனது. சீட்டின் நேரம் பின்தங்கியிருப்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்டோபர் கடைசியில் அந்த வித்தியாசம் இன்னும் ஒரு மணி நேரம் கூடுவதைக்கூட எழுத்தர் கவனித்திருக்கிறார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

இதில் விவசாயி கேட்டதே நியாயம். இலை பறித்ததும் கொடுத்ததும் 30-ஆம் தேதி.

நவம்பர் நிகழ்வு

கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. நவம்பர் நடுவில் ஓர் இரவு மின்கம்பியின் மேல் மரம் விழுந்து மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எழுவதற்குள் யூபிஎஸ் கைவிட்டது. அதன் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே கணினி அணைந்தது.

மறுநாள் காலை அப்பாச்சி எழுந்தது, தரவுத்தளம் எழவில்லை. எதிர்பாராமல் நின்றுவிட்டது என்ற சிவப்பு வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. எக்ஸாம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரி நன்றாகத் தெரியும். அதற்கு எல்லோரும் சொல்லும் கைவைத்தியம் ஒன்று உண்டு: தரவுக் கோப்புறையின் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பேக்கப் கோப்புறையை அதன் இடத்தில் நகலெடுத்து, நம்முடைய தரவுத்தளக் கோப்புறையையும் அட்டவணைகளின் விவரம் இருக்கும் இப்டேட்டா1 என்ற கோப்பையும் பழையதிலிருந்து கொண்டுவந்து போடுவது. கணக்கர் இதைச் செய்தார், இப்டேட்டா1-ஐ மட்டும் விட்டுவிட்டார். தரவுத்தளம் எழுந்தது, அட்டவணைகளின் பெயர்களும் தெரிந்தன. ஆனால் எதைத் திறந்தாலும் இன்ஜினில் அப்படி ஒன்று இல்லை என்ற பிழை.

இன்னொன்றும் நடந்திருந்தது. "அண்ணா, ஒரு ஃபைல் மட்டும் காப்பி ஆகல, ஸ்கிப் கொடுத்துட்டேன்" என்று போனில் சொன்னார். விஷயம் முழுவதையும் திறந்துவிட்ட தகவல் அதுதான். காப்பி ஆகாத கோப்பு இலை வரவு அட்டவணை. வட்டில் அந்தக் கோப்பு இருந்த இடமே படிக்க முடியாமல் போயிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

அவர் பழைய கோப்புறையை அழிக்கவில்லை, பெயரை மாற்றி மட்டுமே வைத்திருந்தார். அந்தப் பதற்றத்திலும் அப்படிச் செய்ததால்தான் மீட்பு சாத்தியமானது. இதை அவரிடமும் மேலாளரிடமும் அன்றே சொன்னேன்.

ஆய்வில் கண்டவை

கணினியை அணைத்து வைக்கச் சொல்லி, எதையும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். முக்கியமாக விண்டோஸ் வட்டைச் சரிபார்க்கட்டுமா என்று கேட்டால் விடக் கூடாது. சாகும் நிலையில் இருக்கும் வட்டில் செக்டிஸ்க் ஓடினால் இருப்பதும் போகலாம். வட்டைக் கழற்றி, லினக்ஸ் பென் டிரைவில் துவக்கி, டிடிரெஸ்க்யூ கொண்டு வேறொரு வட்டுக்கு அப்படியே பிரதி எடுத்தோம். அந்தக் கருவி நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும். இனி மூல வட்டைத் தொடுவதில்லை, எல்லா வேலையும் பிரதியின் பிரதியில்தான் என்று முடிவு செய்தோம்.

அடுத்து, காப்பு என்ன இருக்கிறது என்று தேடினோம். கணக்கர் இருக்கிறது என்று உறுதியாக நம்பினார். அவர் காட்டியது எக்ஸாம்ப்புக்குள் இருக்கும் அந்த பேக்கப் கோப்புறை. அதில் இருப்பது நிறுவிய நாளில் இருந்த வெற்றுத் தரவுத்தளம் மட்டுமே. நம் தரவு ஒரு வரிகூட அதில் சேராது, யாரும் சேர்ப்பதும் இல்லை. அந்தப் பெயரை நம்பி எத்தனை பேர் நிம்மதியாக இருக்கிறார்களோ என்று அன்று கவலையாக இருந்தது. இதைத் தவிர, டெஸ்க்டாப்பில் மாதக்கணக்கில் பழைய ஓர் ஏற்றுமதிக் கோப்பு கிடைத்தது. அதுவும் அதே வட்டில், அதுவும் பாதியில் நின்றது. தரவுத்தளத்தை உலாவியில் திறந்து பார்க்கும் பிஎச்பிமைஅட்மின் வழியாக எடுத்தபோது நேர வரம்பு முடிந்து அறுந்திருக்க வேண்டும். கோப்பின் கடைசி வரியைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிறகு அதே பதிப்பு எக்ஸாம்ப்பை வேறொரு மடிக்கணினியில் நிறுவி, பிரதியில் இருந்த பழைய தரவுக் கோப்புறையை இப்டேட்டா1 உட்பட மொத்தமாக வைத்தோம். மரியாடிபியில் அட்டவணைகளை வட்டில் எழுதிப் படிக்கும் பகுதியான இன்னோடிபி இன்ஜினுக்குக் கட்டாய மீட்பு என்று ஓர் அமைப்பு உண்டு, 1 முதல் 6 வரை படிகள். 4-ஆம் படிக்குப் போனாலே தரவு நிரந்தரமாகக் கெடக்கூடும். ஆகவே 1-இல் தொடங்கினோம். அந்தப் படியில் கெட்ட பக்கங்களைத் தாண்டிக்கொண்டு மற்றதைப் படிக்க முயலும். சர்வர் எழுந்தது. விவசாயிகள் பட்டியல், முன்பணம், உரக் கடன், பட்டுவாடா எல்லாம் முழுதாக வெளியே வந்தன.

இலை வரவு அட்டவணை மட்டும் பாதியில் சர்வரைச் சாய்த்தது. அதைச் சீட்டு எண் வரிசையில் துண்டு துண்டாகக் கேட்டு எடுத்தோம். விழும் துண்டை இன்னும் சிறிதாக்கி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லையைக் குறுக்கினோம். இன்னோடிபி வரிகளை முதன்மை எண்ணின் வரிசையிலேயே 16 கிலோபைட் பக்கங்களாக அடுக்குகிறது. இங்கே முதன்மை எண் சீட்டு எண்தான். அதனால் தொலைந்தவை கலைந்து கிடக்கவில்லை, தொடர்ச்சியான சீட்டு எண்களாகவே இருந்தன. ஏறத்தாழ மூன்று நாள் வரவு. எந்தச் சீட்டுகள் தொலைந்தன என்பது எண்ணோடு தெரிந்தது. மீட்பில் கிடைத்த மிகப் பெரிய உதவி அது.

இதில் இடையே ஒன்று. முதலில் எடுத்த டம்ப் கோப்பு, அதாவது தரவு முழுவதையும் எழுத்தாக வெளியே எடுத்த கோப்பு, திரும்ப ஏறவில்லை. கட்டளை அடிக்கும் சாளரமான பவர்ஷெல்லில் வெளியீட்டைக் கோண அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் விண்டோஸோடு வரும் பவர்ஷெல் அதை யுடிஎஃப்-16 என்ற வேறு எழுத்துக் குறியாக்கத்துக்கு மாற்றி எழுதிவிடும், தமிழ்ப் பெயர்கள் இருந்தால் சேதம் இன்னும் அதிகம். டம்ப் கருவிக்கே உரிய ரிசல்ட்-ஃபைல் தெரிவைக் கொடுத்து எடுத்தபோது சரியாக வந்தது. விண்டோஸில் இந்த வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டம்ப் எடுக்கும்போது எந்தப் பிழையும் காட்டாது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு தொழில்நுட்பம் சார்ந்தது அல்ல. மூன்று நாள் கணக்கு இல்லை என்பதை விவசாயிகளிடம் எப்படிச் சொல்வது? மேலாளர் தயங்கினார். சராசரி எடை போட்டு நிரப்பிவிடலாம், யாருக்கும் பெரிய வித்தியாசம் வராது என்று ஒரு யோசனை வந்தது. கணக்கர் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், சீட்டு அவங்க கையில இருக்கு. நாம போடுற எடையும் சீட்டும் ஒத்துப்போகலைன்னா பழைய கணக்கையும் சந்தேகப்படுவாங்க" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. சராசரி போட்டால் அந்த மூன்று நாளும் மழையில் நனைந்து அதிகமாகப் பறித்தவருக்கு நஷ்டம், பறிக்கவே போகாதவருக்கு லாபம்.

சேகரிப்பு மையங்கள் எல்லாவற்றிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். இன்னின்ன தேதிகளின் பதிவு கணினிப் பழுதால் அழிந்துவிட்டது, சீட்டைக் கொண்டுவந்தால் அதில் உள்ள எடை அப்படியே ஏற்கப்படும் என்று. சீட்டுகள் வந்தன. வயதான சிலர் வீட்டுச் சுவரில் கம்பியில் குத்தி வைத்திருந்த ஆறு மாதச் சீட்டுகளையும் மொத்தமாகக் கொண்டுவந்தார்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்தவை என்பதால் ஈரத்திலும் எழுத்து அழியவில்லை. சீட்டு இல்லாதவர்களுக்கு மையத்தின் கையெழுத்து நோட்டைப் பார்த்தோம். இரண்டும் இருந்த இடங்களில் ஒப்பிட்டதில் நோட்டில் இருப்பது கழிவுக்கு முந்தைய எடை, சீட்டில் இருப்பது பிந்தையது என்று தெரிந்தது. அன்றைய வண்டியில் மற்றவர்களுக்குப் போட்ட கழிவையே இவர்களுக்கும் போட்டார்கள். அந்த மாதப் பட்டுவாடா சில நாள் தள்ளிப் போனது, ஆனால் தகராறு எதுவும் இல்லாமல் முடிந்தது.

அடுத்து, கணினிக்கு என்ன செய்வது. இணையத்தில் வாடகை சர்வர் எடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். மரம் விழுந்தால் மின்சாரத்தோடு இணையக் கம்பியும் சேர்ந்துதான் போகிறது. இலை காத்திருக்காது, குவித்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். அதனால் பதிவு உள்ளேயே நடக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

எக்ஸாம்ப்பையே ஒழுங்காக வைத்து ஓட்டலாமா என்று யோசித்தோம். அதைச் செய்பவர்களே இது நிரல் எழுதிச் சோதிப்பதற்கான தொகுப்பு, உண்மைப் பயன்பாட்டுக்கு அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் திறந்து வைப்பது அதன் நோக்கம், தரவுத்தளத்தின் முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்குக்குக் கடவுச்சொல்லே இராது. இங்கே வசதிக்காக பிஎச்பிமைஅட்மினையும் நெட்வொர்க் முழுவதற்கும் திறந்திருந்தார்கள், ஷெட்டின் வைஃபை கடவுச்சொல்லோ சுவரில் எழுதியிருந்தது. பிஎச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 இறுதியோடு நின்றுவிட்டன. இதற்கு மேல், 2024 ஜூனில் விண்டோஸில் ஓடும் பிஎச்பியில் சிவிஇ-2024-4577 என்ற ஓட்டை வெளியானது. விண்டோஸ் சில எழுத்துகளைத் தானாகவே ஒத்த எழுத்தாக மாற்றிக்கொள்வதைப் பயன்படுத்தி வெளியாள் தன் கட்டளையை ஓட்டிவிடலாம். எக்ஸாம்ப்பின் இயல்பு அமைப்பே அதற்கு இடம் கொடுத்தது. 8.1.29, 8.2.20, 8.3.8 பதிப்புகளில்தான் சரி செய்தார்கள். அந்தப் பழைய 5.6-க்குத் திருத்தம் வரவே இல்லை. எக்ஸாம்ப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது, யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். தொழிற்சாலையில் அதற்கு ஆள் கிடையாது.

ஆகவே தனியாக ஒரு சிறு கணினி வாங்கி, மானிட்டர் இல்லாமல், டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டு, அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி நிறுவுவது என்று முடிவாயிற்று. அதற்கென்று ஒரு புதிய யூபிஎஸ். யூஎஸ்பி கம்பி வழியாக பேட்டரி நிலையைக் கணினிக்குச் சொல்லும் வகை, பேட்டரி குறைந்தால் கணினி தானே முறையாக அணையும்.

அது தயாராகும்வரை இலை நிற்காதே. இடைக்காலத்துக்கு அதே விண்டோஸ் கணினியில் புதிய எஸ்எஸ்டி போட்டு எக்ஸாம்ப்பைத் திரும்ப ஓட்டினோம். இந்த முறை இரண்டு சர்வர்களும் சர்வீஸாக. தூக்கமும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நிறுத்தம். நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா. ரூட்டுக்குக் கடவுச்சொல், பிஎச்பிமைஅட்மின் அந்தக் கணினிக்கு மட்டும். இரவுதோறும் டாஸ்க் ஷெடியூலர் வழியாக டம்ப் எடுத்து எடை மேடைக் கணினிக்கு நகல் போகும். இதெல்லாம் செய்ய ஒரு பிற்பகல் போதும். வேறு வழியில்லாமல் விண்டோஸிலேயே ஓட்ட வேண்டியவர்கள் குறைந்தது இவ்வளவாவது செய்யலாம்.

தேதி விஷயத்தில் கடிகாரத்தைத் திருத்தினால் மட்டும் போதவில்லை. திருத்தியதும் சீட்டும் கணக்கும் ஒத்துப்போனது, ஆனால் நள்ளிரவுக்குப் பின் பதிவானது இரண்டிலும் மறுநாளாயிற்று. விவசாயிக்கு அது இன்னும் மோசம். எனவே வண்டி கிளம்பும்போது மையத்தில் எழுதும் தேதியையே வரவுத் தேதியாக எடுக்கும்படி நிரலை மாற்றச் சொன்னோம்.

மாற்றத்தின்போது வந்தவை

நிரல் எழுதிய இளைஞர் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறார். கேட்டதும் வந்தார், வார இறுதிகளில் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்ட பழைய மைஎஸ்க்யூஎல் அழைப்புகளை எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. விண்டோஸுக்குக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான், லினக்ஸுக்கு வேறு வேறு. கோப்புகளைக் கையால் திருத்தினார். அட்டவணைப் பெயர்களுக்கு, எல்லாவற்றையும் சிறிய எழுத்தாகவே கொள்ளும்படி தரவை ஏற்றுவதற்கு முன்பே மரியாடிபியில் அமைத்துவிட்டோம்.

உண்மையில் நேரம் எடுத்தது தமிழ்ப் பெயர்கள்தான். பழைய அட்டவணைகள் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 எழுத்துத்தொகுப்பில் இருந்தன. நிரல் தமிழை அனுப்பியபோது தரவுத்தளம் அதைத் தமிழ் என்று அறியாமல் வெறும் பைட்டுகளாக வாங்கி வைத்துக்கொண்டது, திரும்பக் கேட்டபோது அப்படியே கொடுத்தது. அதனால் திரையில் சரியாகத் தெரிந்தது. அப்படியே டெபியனுக்கு ஏற்றினால் எல்லாப் பெயரும் லத்தீன் குறிகளாகக் குழம்பின. டம்ப் எடுக்கும்போது லத்தீன்1 என்றே சொல்லி எடுத்து, கோப்பின் உள்ளே இருந்த அறிவிப்பை மட்டும் எல்லா மொழிகளுக்குமான யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி ஏற்றியதும் பெயர்கள் தமிழாக நின்றன.

ஆனால் பல பெயர்கள் வெட்டுப்பட்டிருந்தன. பெயருக்கு 30 எழுத்து இடம் ஒதுக்கியிருந்தார்கள். லத்தீன்1-இல் அது 30 பைட்டுதான். யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு, கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி. ஆக மொத்தம் பத்துக் குறிகள். கிருஷ்ணமூர்த்தி என்று அடித்தால் கிருஷ்ணமூர என்பதோடு நின்றுவிடும். பழைய மரியாடிபி எச்சரிக்கை மட்டும் கொடுத்து மீதியை வெட்டிப் போட்டது, அந்த எச்சரிக்கையை நிரல் பார்க்கவே இல்லை. பெரியவர்களின் பெயர்கள் சின்னவை, தப்பித்தன. ஊர்ப் பெயரோடு சேர்த்து எழுதிய இளையவர்களின் பெயர்கள்தான் அடிபட்டன. ஒரே ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) இரண்டு பேர் கணக்கில் ஒரே பெயராகத் தெரிந்ததும் உண்டு. 10.2.4 பதிப்பு முதல் மரியாடிபி இயல்பாகவே கண்டிப்பு முறையில் இருக்கிறது, நீளம் மீறினால் பதிவை மறுத்துவிடும். புதிய கணினியில் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தச் சொல்லி யோசனை வந்தது, நான் வேண்டாமென்றேன். பதிவு நின்றால் ஷெட்டில் உடனே தெரியும், பெயர் பாதியாகப் போனால் வருடக்கணக்கில் தெரியாது. வங்கிப் பாஸ்புக்கைப் பார்த்துப் பெயர்களைத் திருத்தும் வேலையை எழுத்தர் பொறுமையாகச் செய்து முடித்தார்.

பின்விளைவு

2025 பிப்ரவரி முதல் புதிய கணினியில் கணக்கு ஓடுகிறது. ஏப்ரல், மே வரத்திலும் அடுத்த மழையிலும் தாங்கியது. மின்சாரம் நீண்ட நேரம் போன ஓர் இரவில் அது தானே அணைந்து, மின்சாரம் வந்ததும் தானே எழுந்தது. இடைப்பட்ட நேரத்தில் ஷெட்டில் நோட்டில் எழுதிப் பிறகு ஏற்றினார்கள். அதற்கென்றே அச்சடித்த நோட்டு ஒன்று இப்போது எடை மேடையில் இருக்கிறது.

எக்ஸாம்ப் அந்த அலுவலகத்தை விட்டுப் போய்விடவில்லை. மாதம் ஒருமுறை கணக்கர் தன் விண்டோஸ் கணினியில் உள்ள புதிய பதிப்பு எக்ஸாம்ப்பில் முந்தைய இரவின் டம்ப்பை ஏற்றி, கடைசிச் சீட்டு எண்ணும் மாத மொத்த எடையும் சர்வரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். சோதிப்பதற்கான தொகுப்பு சோதனைக்கே பயன்படுகிறது. டெபியன் பக்கம் இவர்களுக்குப் பழக்கமில்லை. அதனால் சர்வர் எழவில்லை என்றால் என்ன பார்க்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று தமிழில் எழுதிய தாள் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. ஷெட் எழுத்தருக்கும் கணக்கருக்கும் இரண்டு பேருக்குமே மீட்புப் பயிற்சி கொடுத்தாயிற்று. ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் செய்வார்.

மாற்ற வேண்டியவை

பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் நினைத்த அளவு ஒழுங்காக ஏறவில்லை. இணையம் இருக்கும்போது தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தாலும் மழை மாதங்களில் பின்தங்குகிறது. டம்ப்பின் ஒரு நகல் தொழிற்சாலைக்கு வெளியே போக வேண்டும் என்பது பேச்சளவில்தான் நிற்கிறது. தீ பிடித்தாலோ மண் சரிந்தாலோ இரண்டு கணினிகளும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. வாரம் ஒரு பென் டிரைவ் மேலாளர் வீட்டுக்குப் போவது என்று ஆரம்பித்தால்கூடப் போதும்.

மையங்களின் நோட்டில் கழிவுக்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும். சீட்டு தொலைந்தால் நோட்டைப் பார்த்தே நிகர எடை தெரிய வேண்டும்.

இன்னொன்று முடிவாகாமல் இருக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு ரிப்பன் கிடைப்பது கஷ்டமாகிவிட்டதால், வெப்பத்தில் அச்சிடும் சிறு பிரிண்டருக்கு மாறலாம், அல்லது சீட்டை நிறுத்திவிட்டுக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறது. இரண்டையும் நான் எதிர்த்திருக்கிறேன். வெப்பத்தில் அச்சாகும் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் அதற்கும் முன்பே. குறுஞ்செய்தி எல்லா ஹட்டிகளிலும் சிக்னல் இருந்தால்தான் சேரும். 2024-இல் தொலைந்த மூன்று நாளும் திரும்பி வந்தது விவசாயிகளிடம் இருந்த தாளிலிருந்துதான். குறுஞ்செய்தி வேண்டுமானால் கூடுதலாக அனுப்பட்டும், ரிப்பன் செலவை நிறுத்த வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.